கார்ட்லெஸ் வேக்குவம்: டைல்ஸ், லேமினேட் தரையில் நாலு வருடம். பேட்டரி மாற்றலாமா, புதிதே வாங்கலாமா?

மிட்ராண்ட்வாசி
2025 ஆகஸ்ட் 23

எல்லோருக்கும் வணக்கம். 2021 மே மாதம் வாங்கிய கார்ட்லெஸ் வேக்குவம் இப்போது 11 நிமிடத்தில் நின்றுவிடுகிறது. புதிதில் சாதாரண வேகத்தில் 38 நிமிடம் ஓடியது. அடுத்த மாதம் புரட்டாசி பிறக்கிறது, அதற்குள் வீட்டை மேலிருந்து கீழ் வரை சுத்தம் செய்தாக வேண்டும். பேட்டரியை மட்டும் மாற்றுவதா, புது மெஷினே வாங்குவதா என்று வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சு. கேள்வி இவ்வளவுதான். ஆனால் நாலு வருடம் அன்றாடம் கையில் பிடித்த பொருள், வாங்க நினைப்பவர்களுக்கும் உதவட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

கூடத்திலும் சமையலறையிலும் போர்சலின் டைல்ஸ். படுக்கையறை இரண்டிலும் லேமினேட். கம்பளம் எங்குமே கிடையாது. அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு குனிந்து பெருக்கக் கூடாது என்றுவிட்டார்கள். அவரோ காலையில் வாசலும் கூடமும் பெருக்காமல் காப்பி குடிக்கமாட்டார். அதற்காகத்தான் வாங்கினோம்.

இங்கே ஹைவெல்டில், அதாவது தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டு மேட்டு நிலத்தில் இருப்பவர்களுக்கு ஆகஸ்ட் மாதம் தெரியும். மூன்று நாலு மாதம் மழையில்லாமல் புல் காய்ந்து, அங்கங்கே எரிந்து, காற்று கிளம்பியதும் சன்னல் இடுக்கு வழியாக மாவு மாதிரி செம்மண் தூசி வந்து உட்காரும். துடைப்பத்தால் பெருக்கினால் பாதி முறத்துக்கு வரும், பாதி மேலே கிளம்பி ஒரு மணி நேரம் கழித்து டிவி மேல் இறங்கும். வேக்குவம் வந்த பிறகு எங்களுக்குத் தெரிந்த முதல் வித்தியாசம் அதுதான். பூஜை அலமாரியைத் தினமும் துடைத்தது போய், இரண்டு நாளுக்கு ஒருமுறை துடைத்தால் போதும் என்றாகிவிட்டது.

ஆனால் வாங்கிய ஆறு மாதம் அது எனக்குப் பிடிக்கவே இல்லை. காரணம் பிரஷ். மெஷினோடு வந்தது கம்பளத்துக்கான முள் பிரஷ். ஒரு நாள் அம்மா கையிலிருந்து கடுகு டப்பா தவறி விழுந்தது. முள் பிரஷை வைத்துத் தள்ளினேன். கொஞ்சம் உள்ளே போனது, மீதி பிரஷ் அடித்த அடியில் ஃபிரிட்ஜ் அடி வரை தெறித்து ஸ்கர்டிங்கில் டிக் டிக்கென்று மோதியது. அரிசி விழுந்தாலும் இதே கதை. முன் விளிம்பு தரையை ஒட்டியே இருப்பதால் பருக்கை உள்ளே நுழையாமல் முன்னால் தள்ளிக்கொண்டே போகும். அப்புறம் பஞ்சு உருளை வைத்த தலையைத் தனியாக வாங்கினேன். அதில் முன்பக்கம் திறந்திருக்கும், உருளை முழுக்க மெத்தென்ற துணி, இடையில் மெல்லிய கரும்பட்டை. கடுகானாலும் துவரம்பருப்பானாலும் அப்படியே உருட்டி உள்ளே இழுத்துக்கொள்கிறது. மாவுத் தூசியை ஈரத்துணியால் துடைத்த மாதிரி எடுக்கிறது. வெறும் டைல்ஸ் வீட்டுக்கு இந்தத் தலை இல்லாமல் கார்ட்லெஸ் வேக்குவம் வாங்கவே வாங்காதீர்கள். மோட்டார் எத்தனை வாட் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

குறையும் சொல்ல வேண்டும். கனம் முழுவதும் கைப்பிடியிலேயே இருக்கிறது, ஏறக்குறைய 2.7 கிலோ. தரையில் தள்ளும்போது தெரியாது. ஒட்டடை அடிக்கத் தலைக்கு மேல் தூக்கினால் மூன்றாவது நிமிடம் மணிக்கட்டு வலிக்கும். இன்னொன்று, விசையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மாவுக்கு விரல் மூட்டில் வாதம் உண்டு, பத்து நிமிடத்துக்கு மேல் அவரால் முடிவதில்லை. வியாழக்கிழமை உதவிக்கு வரும் அக்காவும் அதையேதான் சொன்னார். ஒருமுறை அழுத்தினால் ஓடிக்கொண்டே இருக்கும் மாடல்களும் கடையில் இருந்தன. அன்றைக்கு அது எனக்குத் தோன்றாமல் போனது, இன்று வரை வருத்தம்தான்.

இப்போதைய நிலை இது. சாதாரண வேகத்தில் 11 நிமிடம். முழு வேகத்தில் வைத்தால் உர்… உர்… என்று விட்டு விட்டு ஓடி நின்றுவிடுகிறது. 2023-இல் தினமும் இரண்டு மூன்று தடவை கரண்ட் போய் வந்ததே, அப்போது சார்ஜ் பாதியிலேயே அறுந்து அறுந்துதான் பேட்டரி கெட்டது என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அது உண்மையா?

கடலோரம்
2025 ஆகஸ்ட் 23

மிட்ராண்ட் அக்கா, விட்டு விட்டு ஓடுகிறது என்றால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள். எனக்கும் அதே சத்தம் வந்தது, காரணம் அடைப்புதான்.

நான் டர்பன் பக்கத்து வெருலம். எங்கள் பிரச்சினை உங்களுக்கு நேர் எதிர். உங்களுக்குக் காய்ந்த காற்று, எங்களுக்கு ஈரம். ஃபில்டரைக் கழுவி 24 மணி நேரம் காய வைக்கச் சொல்லிக் கையேட்டில் போட்டிருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் டர்பன் பக்கம் 24 மணி நேரத்தில் துண்டே காயாது, இது எங்கே காயும்? முதல் வருடம் மேலே காய்ந்த மாதிரி இருந்ததும் எடுத்துப் போட்டுவிட்டேன். இரண்டே நாளில் வேக்குவத்தைப் போட்டால் வீடெல்லாம் ஈரச் சாக்கு வாடை. ஃபில்டரைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. இப்போது இரண்டு ஃபில்டர் வைத்திருக்கிறேன். ஒன்று மெஷினில் இருக்கும், ஒன்று ஃபிரிட்ஜின் பின்பக்கம் வெதுவெதுப்பில் மூன்று நாள் காயும்.

கடற்கரைக்குப் போய்விட்டு வரும் பிள்ளைகள் காலில் கொண்டுவரும் மணலையும் சொல்ல வேண்டும். மணலை இழுப்பதில் குறையே இல்லை. ஆனால் தலையின் அடியில் இருக்கும் குட்டிச் சக்கரத்தில் ஒரு மணல் சிக்கிச் சக்கரம் சுற்றாமல் போனால், தள்ளத் தள்ளத் தரையில் கோடு போடும். எங்கள் லேமினேட்டில் கதவோரம் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழுந்துவிட்டது, இனி போகாது. இப்போது வாரம் ஒருமுறை தலையைத் திருப்பிச் சக்கரங்களை விரலால் சுற்றிப் பார்த்துவிடுகிறேன்.

பழையமோட்டார்
2025 ஆகஸ்ட் 24

மிட்ராண்ட்வாசி அம்மா, வணக்கம். டர்பன் சாட்ஸ்வர்த்தில் 31 வருடம் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். இப்போது கடை இல்லை, கேட்பவர்களுக்கு வீட்டிலேயே பார்த்துத் தருகிறேன்.

நீங்கள் சொல்வது ஒரே நோய் இல்லை, இரண்டு. விட்டு விட்டு ஓடுவது பெரும்பாலும் காற்றுப் பாதை அடைப்பு. காற்று போகாவிட்டால் மோட்டார் சூடாகும், அதனால் மெஷினே தன்னைக் காத்துக்கொள்ள விட்டு விட்டு ஓடும். நேரம் குறைந்தது பேட்டரி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் நல்ல மெஷினைத் தூக்கி எறிவீர்கள்.

பேட்டரிக் கணக்கைச் சொல்கிறேன். உங்களுடையது எத்தனை வோல்ட் என்று அடியில் எழுதியிருக்கும். 25.2 என்றிருந்தால் உள்ளே 7 செல் வரிசையாகக் கோத்திருக்கிறது, ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். 21.6 என்றால் 6 செல். அதோடு 2.5 ஆம்பியர் மணி என்று போட்டிருந்தால், 25.2-ஐ 2.5-ஆல் பெருக்குங்கள், 63 வாட் மணி. முழுச் சார்ஜில் பேட்டரிக்குள் இருக்கும் மொத்த மின்சாரம் அது. புதிதில் 38 நிமிடம் ஓடியது என்றால் சாதாரண வேகத்தில் 100 வாட் அளவுக்கு இழுத்திருக்கிறது. முழு வேகத்தில் 400 வாட்டுக்கு மேல் இழுக்கும், அதனால்தான் அந்த வேகத்தில் புது மெஷினே எட்டு ஒன்பது நிமிடம்தான் வரும். ஏமாற்று வேலை ஒன்றுமில்லை, கணக்கு அப்படி.

இப்படிக் கோத்த செல்லில் ஒன்று தளர்ந்தாலும் மொத்தமும் நிற்கும். ஆறு மாடு வலுவாக இருந்து ஒரு மாடு படுத்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்பது போல. அந்த ஒரு செல்லின் வோல்ட் எல்லைக்குக் கீழே இறங்கியதும் உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பலகை எல்லாவற்றையும் வெட்டிவிடும். 38 நிமிடம் 11 ஆனதற்கு அதுதான் காரணமாக இருக்கும். லித்தியம் செல்லுக்கு முழுச் சார்ஜ் 300 முதல் 500 தடவை என்பது பொதுவான ஆயுள். தினமும் ஓட்டி நாலு வருடம் வந்ததென்றால் அது உழைக்க வேண்டியதை உழைத்துவிட்டது.

வீட்டுக்காரர் கேட்டதற்குப் பதில்: கரண்ட் போய்ச் சார்ஜ் பாதியில் அறுந்ததால் லித்தியம் பேட்டரி கெடாது. 40 சதவீதத்தில் நின்று, பிறகு 80 வரை ஏறி, மறுபடி நின்றால் அதற்கு நல்லதுதான். கெடுப்பது வேறு இரண்டு. ஒன்று சூடு. ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜில் போடுவது, வெயில் அடிக்கும் சுவரில் மாட்டி வைப்பது. இன்னொன்று, கரண்ட் திரும்பி வரும்போது வரும் மின்னழுத்த எழுச்சி. அது பேட்டரியை விட முதலில் சார்ஜரைத்தான் அடிக்கும். 2022, 2023-இல் என்னிடம் வந்த சார்ஜர்களில் பாதி அப்படிச் செத்தவை. எழுச்சித் தடுப்பு உள்ள பிளக்கில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் வந்து பத்து நிமிடம் கழித்து மாட்டுங்கள்.

மூன்று விஷயம் சொல்லுங்கள்: ஃபில்டர் கடைசியாகக் கழுவியது எப்போது? உருளையின் இரு முனையையும் கழற்றிப் பார்த்ததுண்டா? வீட்டில் கோல மாவு, விபூதி, ஊதுபத்திச் சாம்பல் இதையெல்லாம் அதாலேயேதான் எடுக்கிறீர்களா?

வயரோடு_போதும்
2025 ஆகஸ்ட் 24

எல்லோரும் பேட்டரியைப் பற்றியே பேசுகிறீர்கள். லெனேசியாவில் எங்கள் வீட்டில் வயர் வைத்த வேக்குவம் 2012-இல் வாங்கியது, இன்றும் ஓடுகிறது. உங்கள் மெஷின் விலையில் பாதிகூட வராது. பேட்டரி இல்லை, அதனால் சாவதற்கு ஒன்றும் இல்லை. கடினத் தரைக்கென்றே மயிர்ப் பிரஷ் வைத்த தட்டைத் தலை அதனுடனேயே வந்தது, தனியாக வாங்க வேண்டியதில்லை. நாலு வருடத்துக்கு ஒரு பேட்டரி என்றால் பத்து வருடத்தில் எவ்வளவு ஆகிறது என்று கூட்டிப் பாருங்கள். பழைய பேட்டரியை எங்கே போடுவது என்ற கவலை வேறு.

மிட்ராண்ட்வாசி
2025 ஆகஸ்ட் 24

வயரோடு_போதும் அண்ணா, நீங்கள் சொல்லும் பணக் கணக்கு சரி, அதை நான் மறுக்கவில்லை. எங்களிடமும் முன்னால் வயர் வேக்குவம் இருந்தது. அது அலமாரிக்குள் இருந்தது. எடுத்து, குழாய் மாட்டி, வயரை இழுத்து, ஒவ்வொரு அறையிலும் பிளக் மாற்றி வர வேண்டும் என்பதால் சனிக்கிழமை மட்டும்தான் வெளியே வரும். மீதி ஆறு நாளும் அம்மா துடைப்பத்தோடு குனிவார். இது சுவரில் தொங்குகிறது. சமையல் முடிந்ததும் மூன்று நிமிடம், சாயங்காலம் விளக்கேற்றும் முன் ஐந்து நிமிடம். 2023-இல் கரண்ட் இல்லாத மாலை நேரத்தில்கூட இதன் விளக்கு வெளிச்சத்திலேயே கூடத்தைப் பெருக்கி முடித்திருக்கிறோம். அம்மா குனியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிது.

பழையமோட்டார் ஐயா, நீங்கள் கேட்டதும் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுப் பார்த்தேன். ஃபில்டர் ஜூனில் கழுவியது. பார்க்க வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் தட்டினால் சாம்பல் நிறத்தில் ஒரு மென்தூள் புகை மாதிரி வருகிறது. அது விபூதியும் ஊதுபத்திச் சாம்பலும்தான், வாசனையிலேயே தெரிந்தது. கோல மாவையும் மறுநாள் காலை இதை வைத்தே இழுத்துவிடுகிறோம். கழுவினேன், குழாயைத் திறந்துவிட்டுப் பிழியப் பிழிய ஏழெட்டு முறை பால் மாதிரித் தண்ணீர் வந்தது.

உருளையின் முனையில் மூடி ஒன்று இருப்பதே இன்றுதான் தெரியும். ஐந்து ராண்டு நாணயத்தை வைத்துத் திருப்பினால் கழன்று வருகிறது. உள்ளே அச்சைச் சுற்றி முடி. என் முடியும் அம்மா முடியும் பூ கட்டும் நூலும் சேர்ந்து இறுகி, கறுப்பு வளையல் மாதிரி ஒரு கட்டு. கத்தரிக்கோலால் வெட்ட முடியவில்லை. பழைய பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறி எடுத்தேன், அரை மணி நேரம் ஆயிற்று. எடுத்த பிறகு உருளையை விரலால் தட்டினால் தானாக நாலு சுற்றுச் சுற்றுகிறது. முன்னால் அரைச் சுற்றில் நின்றுவிடும். பேட்டரி 25.2 வோல்ட், 2.5. நீங்கள் கணக்குப் போட்டது அப்படியே பொருந்துகிறது.

பழையமோட்டார்
2025 ஆகஸ்ட் 24

அந்த முடிக்கட்டும் பேட்டரியைத் தின்றிருக்கிறது. உருளையைச் சுற்ற தனியாகக் குட்டி மோட்டார் ஒன்று தலைக்குள் இருக்கிறது. அச்சு இறுகினால் அது கூடுதல் கரண்ட் இழுக்கும். மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றுங்கள்.

விபூதி, கோல மாவு பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதெல்லாம் மிக நுண்ணிய தூள். மெஷினுக்குள் காற்றைச் சுழற்றிக் குப்பையைப் பிரிக்கும் அறையில் கனமான குப்பை கீழே விழும், இந்தத் தூள் காற்றோடு போய் ஃபில்டரில் ஒட்டிக்கொள்ளும். சுவரைத் தேய்க்கும்போது வரும் சுண்ணத் தூளும் அப்படியே. கோல மாவையும் சாம்பலையும் முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், மிச்சத்தை மட்டும் மெஷினுக்கு விடுங்கள்.

அதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று. சூடு ஆறாத சாம்பலை இழுக்கவே கூடாது. கற்பூரத் தட்டிலிருந்து விழுந்தது, சாம்பிராணிக் கரி, ஞாயிற்றுக்கிழமை பிராய் போட்ட (இறைச்சி சுட்ட) கரி, எதுவானாலும் சரி. மேலே கறுத்திருக்கும், உள்ளே கங்கு இருக்கும். உள்ளே போய்க் காற்று பட்டதும் பற்றிக்கொள்ளும். குப்பை, காற்று, பக்கத்திலேயே லித்தியம் பேட்டரி. அப்படி உருகிய ஒரு மெஷின் என் மேசைக்கு வந்திருக்கிறது. ஆண்டவன் புண்ணியத்தில் அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஜகரண்டா_தெரு
2025 ஆகஸ்ட் 25

பிரிட்டோரியாவிலிருந்து எழுதுகிறேன். பழைய வீடு, பார்க்கே மரத்தரை. மரத்தரைக்கு முள் பிரஷ் வேண்டாம் என்பதற்கு இன்னொரு சாட்சி நான். கடினமான முள் மணலோடு சேர்ந்து சுற்றி, ஒரே வருடத்தில் வார்னிஷை மங்கடித்துவிட்டது. பஞ்சு உருளைக்கு மாறிய பிறகு மூன்று வருடமாகப் புதுக் கீறல் இல்லை. கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்குத் தூசியை மட்டும் உருளை எடுக்காது, அதற்கு மாதம் ஒருமுறை குறுகிய முனையை மாட்டி முட்டி போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அக்டோபர், நவம்பரில் ஜகரண்டாப் பூ செருப்போடு உள்ளே வரும். ஈரப் பூவை இழுத்தால் குழாயில் ஒட்டி நசுங்கிக் கறுத்துப் போகும். காய விட்டு இழுங்கள், இல்லையென்றால் கையால் பொறுக்குங்கள். பஞ்சு உருளையில் ஈரம் பட்டால் அது வாடை பிடித்து, பிறகு தரையில் அழுக்குக் கோடு போடும். கழுவக்கூடிய உருளையா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா உருளையும் கழுவக்கூடியதில்லை.

புதுக்குடித்தனம்
2025 ஆகஸ்ட் 26

அண்ணன் அக்காமாரே, நான் ஜோகன்னஸ்பர்க்குக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது, இப்போதுதான் வாங்கப் போகிறேன். ஒரு கடையில் 25 கிலோபாஸ்கல் என்கிறார்கள், இன்னொன்றில் 33 என்கிறார்கள். டைல்ஸ் தரைக்கு எவ்வளவு போதும்? பச்சை லேசர் விளக்கு வைத்தது தேவையா? ஊரிலிருந்து அண்ணன் வருகிறான், பேட்டரி அங்கே மலிவு என்றால் வாங்கி வரச் சொல்லலாமா?

பழையமோட்டார்
2025 ஆகஸ்ட் 26

தம்பி, கிலோபாஸ்கல் என்பது வாயை முழுக்க அடைத்து, காற்றே ஓடாமல் இருக்கும்போது அளக்கும் உறிஞ்சல். தரையில் அப்படி யாரும் அடைத்து ஓட்டுவதில்லை. குப்பையைத் தூக்கிக்கொண்டு போவது ஓடும் காற்று. உறிஞ்சலையும் காற்றோட்டத்தையும் சேர்த்துச் சொல்வது ஏர்வாட் கணக்கு, அது போட்டிருந்தால் அதைப் பாருங்கள். கம்பளத்துக்கு அதிகம் வேண்டும். டைல்ஸுக்கு நடுத்தரம் போதும், தலைதான் முக்கியம்.

நீங்கள் மேலே இருப்பதால் இன்னொன்றும் உண்டு. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி எங்கள் டர்பனைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே மெஷின், அதே சுற்று, ஆனால் விசிறிக்குக் கிடைக்கும் காற்று லேசானது, அதனால் உறிஞ்சலும் அந்த அளவுக்குக் குறையும். என் மருமகள் இங்கிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கம் ராண்ட்பர்க் போனபோது மெஷின் கெட்டுவிட்டது என்று போன் செய்தாள். கெடவில்லை, மலை ஏறியிருக்கிறது. பெட்டியில் போட்ட எண்ணை நம்பிக் கடைசி எல்லையில் வாங்காமல் ஒரு படி மேலே வாங்குங்கள்.

கடலோரம்
2025 ஆகஸ்ட் 26

தம்பி, லேசர் பற்றி நான் சொல்கிறேன். டைசன் 2021-இல் வி15 மாடலில் அதைக் கொண்டுவந்தது. தரையோடு தரையாகச் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத தூசிக்கெல்லாம் நிழல் விழுந்து பளிச்சென்று தெரியும். வழுவழுப்பான, அடர் நிறத் தரையில் நன்றாக உதவும். சொரசொரப்பான ஸ்லாஸ்டோ கல்லில் அவ்வளவு தெரியாது. வாங்கும் முன் இரவில் விளக்கை அணைத்துவிட்டு சாதாரண டார்ச்சைத் தரையில் படுக்க வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அதுவேதான். நான் அப்படித்தான் கட்டிலடியைப் பார்க்கிறேன்.

கவுன்ட்டர்_எண்_4
2025 ஆகஸ்ட் 26

அண்ணன் கொண்டுவருவது பற்றி: தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரியைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட் மணிக்குள் இருந்தால் பொதுவாக அனுமதி உண்டு. பழையமோட்டார் ஐயா போட்ட கணக்கில் மிட்ராண்ட் அக்காவுடையது 63, அந்த அளவென்றால் பிரச்சினை இல்லை. முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரியில் வாட் மணி எழுதியிருப்பது தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். எழுத்து அழிந்த பேட்டரியைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மாடலுக்கு இங்கேயே அசல் பேட்டரி கிடைத்தால் இங்கேயே வாங்குங்கள். பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு கடை வேண்டும்.

என் அனுபவம் ஒன்றும் சொல்கிறேன். என் மெஷினில் ஐந்தாம் மாதமே விசை உடைந்தது. விற்ற கடையில், கம்பெனிக்கு எழுதுங்கள், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். இந்த நாட்டின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56-ஆம் பிரிவைப் படித்துவிட்டு மறுபடி போனேன். பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் ரிப்பேரா, மாற்றா, பணம் திரும்பவா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவரின் உரிமை. ரிப்பேர் செய்து மூன்று மாதத்துக்குள் அதே பழுது வந்தால் மாற்றியோ பணமாகவோ தந்தாக வேண்டும். பிரிவு எண்ணைச் சொன்னதும் மேலாளர் வந்தார், புதிது கொடுத்தார்கள். ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வெப்பத்தாளில் அச்சடித்தது ஆறு மாதத்தில் வெளுத்துவிடும்.

மிட்ராண்ட்வாசி
2025 ஆகஸ்ட் 28

ஃபில்டர் மூன்று நாள் காய்ந்தது. இன்று போட்டுப் பார்த்தேன். முழு வேகத்தில் விட்டு விட்டு ஓடுவது நின்றுவிட்டது, சத்தமே மாறியிருக்கிறது. சாதாரண வேகத்தில் 14 நிமிடம். முடியை எடுத்ததால் கிடைத்த மூன்று நிமிடம் அது. ஆக மிச்சம் பேட்டரிதான். ஐயா, அசல் பேட்டரி 1,450 ராண்டு, இணையத்தில் வேறு பெயரில் 620-க்கும் கிடைக்கிறது, 4 ஆம்பியர் மணி என்று போட்டிருக்கிறார்கள். உள்ளே செல்லை மட்டும் மாற்றித் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார்.

பழையமோட்டார்
2025 ஆகஸ்ட் 28

அதே அளவுக் கூட்டில் 2.5 இருந்த இடத்தில் 4 என்று எழுதி, விலை பாதிக்கும் குறைவு என்றால் நான் நம்பமாட்டேன். பழைய பேட்டரியைத் தராசில் வைத்துப் பாருங்கள், புதியது அதைவிட லேசாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். செல் மாற்றுவது முடியாத வேலை இல்லை. ஆனால் செல்லைப் பற்றுவைக்கக் கூடாது, ஸ்பாட் வெல்டிங் மெஷினில் நிக்கல் பட்டை வைத்து ஒட்ட வேண்டும், ஏழும் ஒரே தரமாக இருக்க வேண்டும். அந்த வசதி இல்லாதவரிடம் கொடுக்காதீர்கள். தினமும் அம்மா கையில் பிடிக்கும் பொருள், அசலையே வாங்குங்கள். மெஷினின் மோட்டார் நன்றாக இருக்கிறது, அதைத் தூக்கிப் போட எந்தக் காரணமும் இல்லை.

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். பெரிய சூப்பர் மார்க்கெட் வாசல்களில் பேட்டரிக்கென்று பெட்டி இருக்கும், முனைக்கு டேப் ஒட்டிப் போடுங்கள்.

வயரோடு_போதும்
2025 ஆகஸ்ட் 29

கணக்கைத் திரும்பப் பார்த்தேன். நாலு வருடத்துக்கு 1,450 என்றால் மாதம் 30 ராண்டு. நான் நினைத்த அளவுக்கு இல்லை. என் வேக்குவத்தை விடமாட்டேன், ஆனால் வீட்டில் ஆயாவுக்கு 78 வயது, அவரும் வாசலைக் குனிந்துதான் பெருக்குகிறார். மிட்ராண்ட் தங்கச்சி, ஒருமுறை அழுத்தினால் ஓடிக்கொண்டே இருக்கும் மாடல் என்று சொன்னீர்களே, கடையில் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

மிட்ராண்ட்வாசி
2025 ஆகஸ்ட் 29

அண்ணா, கைப்பிடியில் துப்பாக்கி விசை மாதிரி இருந்தால் அது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியது. மேல்பக்கம் வட்டப் பொத்தான் இருந்தால் பெரும்பாலும் ஒரு அழுத்தில் ஓடும். ஆயாவையே கடைக்குக் கூட்டிப்போய் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். நிமிர்ந்து நின்று தள்ளும்போது குழாய் நீளம் அவர் உயரத்துக்குச் சரியாக வருகிறதா என்றும் பாருங்கள், சிலதில் குழாயைக் குறைக்கும் வசதி இருக்கும்.

மிட்ராண்ட்வாசி
2025 அக்டோபர் 19

தாமதமாக எழுதுகிறேன், மன்னியுங்கள். அசல் பேட்டரி வந்து ஐந்து வாரம் ஆகிறது. முதல் நாள் கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன், பஞ்சு உருளையோடு சாதாரண வேகத்தில் 37 நிமிடம். புரட்டாசிக்கு முதல் ஞாயிறு இரண்டு தவணையில் வீடு முழுவதும் முடிந்தது. அலமாரி, கட்டிலடி, பாத்திரம் கழுவித் துடைத்து வைத்த அடுக்கு உட்பட. கோல மாவை இப்போது அம்மாவே ஈரத்துணியால் ஒற்றிவிடுகிறார். மூடியைக் கழற்ற ஒரு ஐந்து ராண்டு நாணயத்தைச் சார்ஜருக்குப் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

போன வியாழன் இரவு இந்தப் பக்கம் முதல் பெரிய மழை. தாழ்வார விளக்கை அணைக்க மறந்துவிட்டோம். காலையில் கண்ணாடிக் கதவடியில் இருந்து கூடத்தின் பாதி வரை ஈசல் இறகு, ஒன்றின்மேல் ஒன்றாக. துடைப்பத்தை எடுத்தால் பறக்கும், ஈரத்துணி வைத்தால் தரையிலேயே ஒட்டிக்கொள்ளும். பஞ்சு உருளையை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனேன், போன தடத்தில் டைல்ஸ் மட்டும்தான் இருந்தது. பெட்டி இரண்டு தடவை நிரம்பியது. நான் வெளியே போய்க் கொட்டிவிட்டு வருவதற்குள் அம்மா மெஷினை எடுத்துச் சமையலறைப் பக்கம் போய்விட்டார்.